ஏற்காட்டில் யார் முன்னிலை? தேர்தல் செய்தி டிவி நிகழ்ச்சியாக மாறும் விதம்

வாக்கு எண்ணும் நாள், காலை மணி 8.10. ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு டீக்கடை டிவி. திரையை நாலாகப் பிரித்திருக்கிறார்கள். மேலே ஒரு கடிகாரம், கீழே ஓடும் எழுத்து, நடுவில் இரண்டு நிறத்தில் ஏறும் பட்டைகள். “ஏற்காடு தொகுதியில் முன்னிலை” என்று ஒரு வேட்பாளர் படம் வந்து நிற்கிறது. கடையில் பேச்சு நின்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அந்த நிமிடத்தில் ஒரு வாக்குப்பதிவு இயந்திரம்கூடத் திறக்கப்பட்டிருக்காது. 8 மணிக்குத் தபால் ஓட்டு எண்ணத் தொடங்குவார்கள். இயந்திரங்களை எடுப்பது பொதுவாக 8.30க்குத்தான். அப்படியென்றால் அந்த முன்னிலை எங்கிருந்து வந்தது? நாள் முழுக்க ஏன் அது மாறிக்கொண்டே இருக்கிறது? தேர்தல் முடிந்ததும் “டிவியில் ஜெயிச்சவர் எப்படித் தோத்தார்?” என்று சண்டை போடுகிறோமே, அதற்கு விடை இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அடிப்படையிலிருந்து வருவோம்.

## முதலில் நாலு சொற்கள்

1. கருத்துக்கணிப்பு: ஓட்டுப் போடுவதற்கு முன்பே, யாருக்குப் போடுவீர்கள் என்று ஒரு மாதிரிக் கூட்டத்திடம் கேட்பது. பதில் சொன்னவர் பிறகு மனம் மாறலாம், ஓட்டுப் போடப் போகாமலும் இருக்கலாம்.

2. எக்ஸிட் போல்: ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவரிடம் கேட்பது. இது எண்ணிக்கை கிடையாது. இதுவும் ஒரு கேள்வி பதில்தான்.

3. முன்னிலை: அதுவரை எண்ணிய ஓட்டுகளில் யார் மேலே இருக்கிறார் என்பது. எண்ணாத ஓட்டைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

4. பந்தயச் செய்தி: யார் ஜெயிப்பார், யார் பின்தங்குகிறார், யார் எந்தக் கூட்டணிக்குத் தாவுகிறார் என்பதை மட்டும் சொல்லும் செய்தி. வந்தால் என்ன செய்வார், இதுவரை என்ன செய்தார் என்பது அதில் இருக்காது. நம் ஊரில் “ஜெயிக்கிற குதிரை” என்று சொல்வோமே, அதே பார்வைதான்.

இந்தக் கட்டுரையில் பெரிய விஷயம் நாலாவதுதான். முதல் மூன்றும் அதற்குத் தீனி.

## மேடையும் பாட்டும் புதிதல்ல

தேர்தலில் கேளிக்கை கலந்ததே இப்போதுதான் என்று நினைப்பது தவறு. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய கம்பெனி அது. அங்கே 1950இல் எடுத்த ‘மந்திரி குமாரி’க்கு வசனம் மு.கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். பிறகு முதலமைச்சரான இரண்டு பேர், ஒரே படத்தில். நாடகம், பாட்டு, அடுக்குமொழி எல்லாம் தமிழக அரசியலில் எழுபது எண்பது வருடமாக இருக்கின்றன.

ஆனால் அன்றைக்கு அந்த நாடகமும் வசனமும் ஒரு வாதத்தைச் சுமந்து வந்தன. ஜாதி, கோயில், ஜமீன், மொழி என்று ஏதாவது ஒன்றில் ஒரு பக்கத்தை எடுத்துப் பேசின. கேட்டவர் ஒத்துக்கொண்டாரோ இல்லையோ, எதைப் பற்றிய சண்டை என்று அவருக்குத் தெரிந்தது. இப்போது டிவியிலும் போனிலும் நாம் பார்ப்பதில் சண்டை இருக்கிறது, எதைப் பற்றி என்பது காணாமல் போகிறது. கேளிக்கை ஒரு விஷயத்தைத் தூக்கி வருவதும், விஷயத்தின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்வதும் ஒன்றல்ல. இந்த இரண்டாவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

## பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது

இதற்கு நெறியாளர்களின் குணத்தைக் காரணம் சொல்வது சுலபம். உண்மையான காரணம் செலவுக் கணக்கில் இருக்கிறது.

செய்தி சேனலின் வருமானம் பெரும்பாலும் விளம்பரம். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்பது விதி. அந்த 12 நிமிடத்துக்கு என்ன விலை என்பதை முடிவு செய்வது டிஆர்பி. டிஆர்பி என்றால் எல்லா வீட்டையும் எண்ணுவது இல்லை. தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு மீட்டரை வைத்து, எந்த சேனல் எத்தனை நிமிடம் ஓடியது என்று அளப்பது. இந்த அளவீட்டில் முறைகேடு என்று புகார் எழுந்து, 2020 அக்டோபரில் செய்தி சேனல்களுக்கு மட்டும் அதை நிறுத்திவைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடியும் வெளியிட்டார்கள். மீட்டர் அளப்பது பார்த்த நேரத்தை மட்டும்தான். பார்த்தவருக்கு ஏதாவது விளங்கியதா என்பதை அது அளக்காது.

சரி, இப்போது இரண்டு செய்திகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்று, கருமந்துறைப் பக்கம் மலைக்கிராமத்துக்குச் சாலை வந்ததா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா என்ற செய்தி. சேலத்திலிருந்து நிருபரும் கேமராமேனும் வாழப்பாடி தாண்டி மலையேற வேண்டும். வண்டி, டீசல், ஒரு முழு நாள். இரண்டு மூன்று பேரிடம் பைட் (கேமரா முன் சின்னப் பேட்டி) வாங்கி, அதிகாரியிடம் பதில் கேட்டு, விஷுவலை வெட்டி ஒட்டினால் மூன்று நிமிடம் வரும்.

இன்னொன்று, சென்னை ஸ்டுடியோவில் நாலு நாற்காலி. நாலு பேரும் அங்கேயே இருப்பவர்கள். தலைப்பை மாலையில் முடிவு செய்தால் போதும், இரவு ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதிலிருந்து முப்பது நொடி சண்டையை வெட்டி எடுத்தால் மறுநாள் முழுக்க போனில் ஓடும்.

முதல் செய்தியை எடுக்க வேண்டியவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். மாவட்டங்களில் பலர் ஸ்ட்ரிங்கர்கள். மாதச் சம்பளம் கிடையாது, ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று காசு. மலைக்குப் போய் எடுத்த மூன்று நிமிடம் ஒளிபரப்பாகாவிட்டால் டீசல் காசு அவர் கையிலிருந்து போகும். தலைவர் பிரச்சாரத்துக்கு வரும்போது வேனுக்கு எதிரே நின்றால் செய்தி நிச்சயம் ஓடும். இதில் அவர் எங்கே நிற்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

உரிமை விஷயமும் கூடச் சேர்கிறது. 1993இல் சன் டிவி வந்தது, 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2018இல் நியூஸ் ஜெ. கட்சிக்கோ கட்சிக் குடும்பத்துக்கோ நெருக்கமான சேனல்கள் தமிழ்நாட்டில் ஒளிவுமறைவு இல்லாமல் நடக்கின்றன. எது யாருடையது என்று பார்ப்பவருக்கே தெரியும், அதனால் ஏமாற்று குறைவு. ஆனால் ஒரு பக்கத்து டிவியில் அடுத்த பக்கத்தின் வாதத்தைக் கேட்கவே முடியாது. மிச்சம் இருப்பது கோஷம்தான்.

## எண்ணும் கூடத்துக்குள் என்ன நடக்கிறது

முன்னிலை ஏன் ஆடுகிறது என்பதற்கு இங்கேதான் விடை. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு தொகுதிக்குப் பொதுவாக 14 மேசைகள். கம்பி வலைக்கு ஒரு பக்கம் எண்ணும் ஊழியர்கள், மறுபக்கம் வேட்பாளர்களின் முகவர்கள். ஒரு மேசைக்கு ஒரு பூத்தின் கட்டுப்பாட்டுக் கருவி வரும், அதாவது வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஓட்டுகள் பதிவாகியிருக்கும் பகுதி. அதன் சீலைத் தூக்கிக் காட்டுவார்கள். முகவர் தன் தாளில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்ப்பார். சீலை உடைத்து ரிசல்ட் பொத்தானை அழுத்தினால், சின்னத் திரையில் மொத்த ஓட்டு, பிறகு ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்தது என்று வரிசையாக வரும். வாக்குப்பதிவு அன்று அந்த பூத்தில் எழுதிய 17சி படிவத்தில் உள்ள மொத்தமும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். 14 மேசையும் முடிந்தால் ஒரு சுற்று. அதைக் கூட்டி, தேர்தல் நடத்தும் அலுவலரும் பார்வையாளரும் சரிபார்த்த பிறகுதான் மைக்கில் அறிவிப்பு.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. எண்ணுவது பூத் எண் வரிசையில். முதல் சுற்று என்றால் 1 முதல் 14 வரை. அந்த 14 பூத்தும் அக்கம்பக்கத்து ஊர்களாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஏற்காடு தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலை, கல்வராயன் பக்கத்து மலைக்கிராமங்கள், கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் சமவெளி எல்லாம் சேர்ந்த தொகுதி அது. காபித் தோட்ட ஊர்களின் ஓட்டும் சமவெளி விவசாயி ஓட்டும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி வரும்போது முன்னிலை மாறுவது இயல்பு. டிவி அதை “திடீர் திருப்பம்” என்று சிவப்பில் போடுகிறது. மாறியது மக்கள் மனம் அல்ல. எண்ணும் இடம் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

2. தபால் ஓட்டு தனி ரகம். அதில் தேர்தல் பணிக்குப் போன அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அதிகம். காலை 8.10க்கு வரும் முன்னிலைக்கு ஏதாவது அடிப்படை இருந்தால், அது இந்தச் சின்னக் கட்டிலிருந்துதான்.

3. டிவியில் வரும் எண் வேறு, அதிகாரப்பூர்வ எண் வேறு. கூடத்துக்குள் முகவர்களுக்கு செல்போன் அனுமதி இல்லை. ஆனாலும் துண்டுத் தாளில் எழுதிய எண் கைமாறி வெளியே வரும், கட்சி அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து சேனலுக்குப் போகும். சுற்று முழுவதும் முடியும் முன்பே ஆறு மேசைக் கணக்கு திரையில் ஏறிவிடும். அடுத்த சேனலைவிட ஐந்து நிமிடம் முந்துவதற்காக இது நடக்கிறது.

2021இல் மேட்டூரில் பாமக வேட்பாளர் ஜெயித்தது 656 ஓட்டு வித்தியாசத்தில். ஒரே ஒரு பூத்தில் விழும் ஓட்டு அளவுக்குத்தான் இது வரும். இப்படிப்பட்ட தொகுதியில் கடைசிச் சுற்று வரை “முன்னிலை” என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

## கணிப்பு ஏன் சறுக்குகிறது

2016ஐ நினைத்துப் பாருங்கள். மே 16 மாலை வந்த எக்ஸிட் போல்களில் பலவும் திமுக ஆட்சி என்றன. மே 19 எண்ணியபோது, தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுகவுக்கு 134. இரண்டு அணிக்கும் நடுவே ஓட்டு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். இடத்தில் பார்த்தால் 134க்கு 98.

நம் முறையில் ஒரு தொகுதியில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் முழு இடமும் கிடைக்கும். அதனால் ஓட்டு சதவீதத்தை ஓரளவு சரியாகக் கணித்தாலும், அதை இடங்களாக மாற்றும்போது கணக்கு எங்கேயோ போய்விடும். நியாயமாக எழுதினால் “இத்தனையிலிருந்து இத்தனைக்குள், தவறு இவ்வளவு இருக்கலாம்” என்று எழுத வேண்டும். அது பரபரப்பாக இருக்காது. ஆகவே நடுவில் ஒரே எண்ணைப் பெரிதாகப் போடுகிறார்கள்.

மாநில எண் சரியாக வந்தாலும் ஊர்க் கதை தப்பாகப் போகலாம். 2021இல் திமுக கூட்டணிக்கு 159 இடம், டிவி முழுக்க “அலை” என்ற பேச்சு. சேலம் மாவட்டத்தில் உள்ள 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்குப் போயின. திமுகவுக்குக் கிடைத்தது சேலம் வடக்கு ஒன்று. அலை என்று ஒற்றைச் சொல்லால் முடித்துவிட்டால், இந்த மாவட்டம் ஏன் வேறு பக்கம் போனது என்ற கேள்வியே எழுவதில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தத் தேர்தலில் கேட்டிருக்க வேண்டிய மிக முக்கியமான கேள்விகளில் அது ஒன்று.

காத்திருக்கும் நாட்களும் காட்சிக்கு உதவுகின்றன. 2021இல் ஏப்ரல் 6 ஓட்டுப் போட்டோம், மே 2 எண்ணினார்கள்: 26 நாள். 2024இல் ஏப்ரல் 19க்கும் ஜூன் 4க்கும் நடுவே 46 நாள். பிரச்சாரம் முடிந்தது, முடிவும் வரவில்லை. ஆனால் 24 மணி நேரமும் ஒளிபரப்பியாக வேண்டும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இயந்திரங்களைப் பூட்டி வைத்திருக்கும் இடங்களின் வாசலைக் காட்டிக் காட்டியே நாட்கள் ஓடின.

## கேமரா மலையேறிய நாட்கள்

பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் தமிழ்நாட்டில் இரண்டுதான்: ஏற்காடு, சேந்தமங்கலம். சாதாரணத் தேர்தலில் ஏற்காட்டை யாரும் பெரிதாகக் காட்டுவதில்லை. அந்த நேரத்தில் கேமராக்கள் எடப்பாடியில் நிற்கும், அது “நட்சத்திரத் தொகுதி”.

2013இல் சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் இறந்ததால் ஏற்காட்டில் இடைத்தேர்தல் வந்தது. டிசம்பர் 4 வாக்குப்பதிவு. அமைச்சர்கள் கூட்டமாக வந்து தங்கினார்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரச்சார வண்டிகள் ஏறின, சேனல் வேன்கள் பின்னாலேயே வந்தன. பெருமாளின் மனைவி சரோஜா அதிமுக சார்பில் 78,116 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆட்சிக்கு எவ்வளவு ஆதரவு, அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு இது முன்னோட்டமா என்பதுதான் பேச்சு. மலையை மைதானமாக வைத்து வேறு ஏதோ ஒரு பந்தயத்தை ஓட்டினார்கள்.

அதே தேர்தலில்தான் தமிழ்நாட்டில் முதல்முறையாக நோட்டா பொத்தான் வந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை அழுத்தினார்கள். அவர்கள் யார், எந்த ஊர், என்ன கோபம்? இதைக் கேட்க ஒரு மைக் தேவைப்பட்டது. முடிவு வந்த மறுநாள் மலையில் வேன்கள் இல்லை.

## இதனால் என்ன நடக்கிறது

1. பெரிய விஷயங்கள் நடுவழியில் நிற்கின்றன. சேலம் – சென்னை எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர். 2018இல் அயோத்தியாப்பட்டணம் பக்கம் குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி ஊர்களில் சாலைக்கு நிலம் அளந்து வயலில் கல் நட்டபோது தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவே நின்று அழுத பெண்களை எல்லோரும் பார்த்தோம். 2019 ஏப்ரல் 8 சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகள் செல்லும் என்றது. நாலு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். இனி கல் நட்ட நிலத்தின் நிலை என்ன, விற்க முடியுமா, கடன் வாங்க முடியுமா என்று ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. அழுகை காட்சியாக ஓடியது. சட்டம் மெதுவாகப் போகும் விஷயம் என்பதால், அதைக் கூடவே தொடர்ந்து போன செய்தி மிகக் குறைவு.

2. “ஓட்டை வீணாக்காதே” என்ற எண்ணம். யார் ஜெயிப்பார் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டால், பிடித்தவருக்குப் போடுவதைவிட ஜெயிப்பவருக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்ற ஆரம்பிக்கும். சுயேச்சைகளும் சிறிய கட்சிகளும் இதில்தான் அடிபடுகிறார்கள்.

3. எண்ணிக்கை மீதே சந்தேகம். காலை டிவியில் ஐயாயிரம் ஓட்டு முன்னால் இருந்தவர் மாலையில் தோற்றால், நடுவில் ஏதோ நடந்துவிட்டது என்று ஊர் நம்புகிறது. பூத் வரிசை பற்றி ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான் என்று நினைக்கிறேன். தோற்றவர் தோல்வியை ஒத்துக்கொள்வதில்தான் தேர்தல் நிற்கிறது.

4. பணமும் ஆடுகிறது. 2024 ஜூன் 1 எக்ஸிட் போல்கள் பாஜக கூட்டணிக்கு 350, 400 என்றன. ஜூன் 3 பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் 293 என்று முடிவு வரவும் 4,390 புள்ளி விழுந்தது.

## சட்டம் எதைத் தொடுகிறது

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவியில் தேர்தல் பிரச்சாரத்தைத் தடுக்கிறது. 126ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை எக்ஸிட் போலை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். 

காசு வாங்கிப் போடும் செய்திக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஊடகக் கண்காணிப்புக் குழு உண்டு. செய்தி மாதிரி வந்தது விளம்பரம்தான் என்று தெரிந்தால், அதன் விலை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் உச்சவரம்பு 40 லட்சம். இந்தக் கணக்கைக் காட்டாததால் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவை 2011இல் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்தது.

இவை எல்லாம் நேரத்தையும் காசையும்தான் கட்டுப்படுத்துகின்றன. ஒரு சேனல் நாற்பது நாள் பந்தயத்தை மட்டும் காட்டினால் எந்தப் பிரிவும் அதைத் தொடாது. தொடவும் கூடாது. என்ன செய்தி போட வேண்டும் என்று அரசு சொல்ல ஆரம்பித்தால் அது இதைவிட மோசம்.

## பார்ப்பவர் எங்கே பார்க்கலாம்

எண்ணும் நாளில் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் சுற்றுவாரியாக அதிகாரப்பூர்வ எண் வரும். டிவியைவிட அரை மணி நேரம் பின்னால் இருக்கும், ஆனால் சரிபார்த்த எண். முன்னிலையைப் பார்க்கும்போது கூடவே எத்தனை சுற்று முடிந்தது, மொத்தம் எத்தனை என்று பாருங்கள். 22 சுற்றில் 3 முடிந்திருந்தால் டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம்.

வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். வேட்புமனு தாக்கலின்போதே அது இணையத்தில் ஏறிவிடும்.

தேர்தல் முடிந்து எல்லோரும் மறந்த பிறகு படிவம் 20 வரும். ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு, நோட்டா எத்தனை என்று ஒரு வரிக்கு ஒரு பூத்தாகப் பட்டியல். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும். ஏற்காட்டின் பட்டியலை எடுத்து மலை பூத்துகளைத் தனியாகவும், வாழப்பாடிப் பக்கத்தைத் தனியாகவும், கல் நட்ட ஊர்களைத் தனியாகவும் பென்சிலால் குறித்துக்கொண்டு கூட்டிப் பார்க்கலாம். ஒரு மாலை நேர வேலை.